கார் சீஸ் ஆயிடுச்சு: கட்டின லைஃப் டாக்ஸும் ரெஜிஸ்ட்ரேஷன் பணமும் திரும்ப வருமா?

மேம்பாலம் கேட்டது:

வணக்கம். தமிழ்நாடு பதிவு, வெள்ளை போர்டு கார். 2024 ஜூன்ல எடுத்தது, விலை 8 லட்சம். ஆன்ரோடு பில்லில் லைஃப் டாக்ஸ் மட்டும் 13 சதவீதம், அதாவது 1,04,000 ரூபாய். அதுபோக ரெஜிஸ்ட்ரேஷன் 600, ஹெச்.பி. (வண்டி மேல லோன் இருக்குன்னு ஆர்சியில குறிக்கறது) ஏத்தினதுக்கு 1,500, கார்டுக்கு 200, ரோடு சேஃப்டி டாக்ஸ் தனி.

நாலு டியூ நின்னு போச்சு. பைனான்ஸ் கம்பெனி ஆளுங்க வந்து வண்டியை யார்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னும் விக்கலை. ஆர்சி ஒரிஜினல் என்கிட்ட இருக்கு, அதைக் கொடுங்கன்னு தினம் போன்.

என் சந்தேகம் இதுதான். லைஃப் டாக்ஸ்ங்கறது 15 வருஷக் கணக்குல வாங்கின பணம். நான் ரெண்டு வருஷம்கூட ஓட்டலை. மிச்ச வருஷத்துக்கான பணத்தை ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் கேட்டா தருவாங்களா? எந்த ஃபாரம்? இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் பணமெல்லாம் என்ன ஆகும்? ஆர்சியைக் கொடுக்கலாமா, கூடாதா?

---

கோப்பு எண் பதில்:

ஆர்டிஓ ஆபீஸிலிருந்து உங்களுக்கு வராது. 600, 1,500, 200 இதெல்லாம் செய்து முடித்த வேலைக்கான கட்டணம், யாருக்குமே திரும்பாது. லைஃப் டாக்ஸ் விஷயம் கொஞ்சம் வேறு. அது உங்கள் பேரில் கட்டியது என்றாலும் வண்டியோடு ஒட்டிக்கொண்ட வரி. பெயர் மாறினால் புதியவர் மறுபடி கட்டுவதில்லை. நீங்கள் கட்டியதன் மிச்ச காலம் அவருக்குப் போய்விடும். அதனால்தான் விற்றவருக்கும் சீஸ் ஆனவருக்கும் ரீஃபண்ட் என்ற பேச்சே இல்லை.

லைஃப் டாக்ஸில் ஒரு பகுதி திரும்புவது அந்த வண்டி இனி இந்த மாநிலத்துச் சாலையிலேயே இருக்காது என்று ஆகும்போதுதான். ஒன்று, ஆர்டிஓவில் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று (படிவம் 28), வாங்கி, வேறு மாநிலத்தில் மறுபதிவு செய்து அங்கே வரி கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஸ்கிராப் ஆகிப் பதிவு ரத்தாக வேண்டும். என்.ஓ.சி. கையில் இருந்தால் மட்டும் போதாது. புது மாநில ஆர்சி, அங்கே வரி கட்டிய ரசீது, பழைய வரி ரசீது, என்.ஓ.சி. நகல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் சேர்த்துப் பழைய ஆர்டிஓவில் கொடுக்க வேண்டும். அப்போதும் முழுசாக வராது. வண்டிக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பார்த்துப் பட்டியலில் உள்ள அளவுக்குத்தான். யார்டில் நிற்கும் உங்கள் கார் இந்த இரண்டிலும் சேராது.

ஏலத்தில் எடுத்தவர் நாளைக்குப் பெங்களூருக்கோ பாலக்காட்டுக்கோ கொண்டுபோய்ப் பதிவு மாற்றினால் அப்போது ரீஃபண்ட் எழும். ஆனால் அதற்குள் ஆர்சி உங்கள் பேரில் இருக்காது.

பெயர் எப்படி மாறும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆர்சி கேட்டுப் போன் வருவது இதற்காகத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 51(5). கடன்காரர் தவணை தவறியதால் வண்டியைக் கைப்பற்றிவிட்டோம், அவர் ஆர்சி தர மறுக்கிறார் அல்லது ஆளையே காணோம் என்று கம்பெனி ஆர்டிஓவைத் திருப்திப்படுத்தினால், பழைய ஆர்சியை ரத்து செய்து கம்பெனி பேரில் புது ஆர்சி கொடுக்கலாம். அதற்குக் கம்பெனி போடும் விண்ணப்பம் படிவம் 36. அதற்கு முன்னால் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும். தபாலில் படிவம் 37 நோட்டீஸ் வரும். ஆர்சியில் இருக்கிற முகவரிக்குத்தான் வரும். வீடு மாறியிருந்தால் அது உங்கள் கைக்கே வராமல் திரும்பி, வேலை முடிந்துவிடும்.

ஆகவே ஆர்சியைப் பிடித்து வைப்பதால் வண்டி விற்பது நிற்காது, தள்ளித்தான் போகும். தள்ளிப் போகிற ஒவ்வொரு நாளும் யார்டு வாடகை உங்கள் கணக்கில் ஏறும்.

---

மூணாவது கியர் பதில்:

மேலே சொன்னது சட்டப்படி சரிங்க. ஆனா உங்க 1,04,000 காத்துல கரைஞ்சு போகலை. அது இப்ப வண்டி விலைக்குள்ள உக்காந்திருக்கு. செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல ரெண்டு வருஷத் தமிழ்நாட்டு வண்டிக்கு இந்த ரேட் கிடைக்குதுன்னா, வாங்கறவன் வரி கட்ட வேண்டாங்கறதும் அதுல சேர்ந்ததுதான். அந்தப் பணத்தைக் கேக்க வேண்டிய எடம் யார்டுங்க. ஏலம் முடிஞ்சுட்டா அதுவும் போச்சு.

உதாரணத்துக்குக் கணக்கு போட்டுக் காட்டறேன். அசல் பாக்கி 5,40,000. நின்ன வட்டியும் பீனல் சார்ஜும் (தாமத அபராதம்) 22,000. சீசிங் சார்ஜ் 15,000. யார்டு நாளைக்கு 150 வீதம் 60 நாளைக்கு 9,000. ஆக 5,86,000. ஏலத்துல டீலருங்க சேர்ந்து 4,90,000-க்கு அமுக்கிட்டா, வண்டியும் இல்லாம இன்னும் 96,000 நீங்க கட்டணும். அதே வண்டிக்கு நீங்களே 6,00,000-க்கு ஒரு பார்ட்டியைக் கூட்டிட்டு வந்தா கடன் தீர்ந்து 14,000 கைக்கு வருது. ரெண்டுக்கும் நடுவுல 1,10,000 வித்தியாசம். உங்க லைஃப் டாக்ஸ் எவ்வளவு? அதைவிட இது ஜாஸ்தி.

இன்னும் விக்கலைன்னு சொல்றீங்க. அதனால இதைச் செய்யுங்க. முதல்ல லோன் அக்கவுண்ட் நம்பர் போட்டு மெயில்ல மூணு கேளுங்க: ஃபோர்க்ளோஷர் ஸ்டேட்மென்ட் (கடனை முழுசா முடிக்க எவ்வளவுன்னு காட்டற கணக்கு), வண்டிக்கு அவங்க எடுத்த வேல்யூவேஷன் ரிப்போர்ட், விக்கப்போற தேதியும் முறையும். ரிசர்வ் வங்கியோட நேர்மையான நடைமுறைக் குறியீட்டுப்படி, வண்டி எடுக்கறதுக்கு முந்தின நோட்டீஸ், விக்கறதுக்கு முந்தி கடைசி வாய்ப்பு, திருப்பிக் கொடுக்கிற முறை, ஏல முறை எல்லாம் லோன் ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கணும். எடுத்துப் பாருங்க, கடைசிப் பக்கங்கள்ல பொடி எழுத்துல இருக்கும். பிரி-சேல் நோட்டீஸ்னு, அதாவது விக்கறதுக்கு முந்தி, ஒரு லெட்டர் வந்தா அதுல எத்தனை நாள் டைம் கொடுத்திருக்காங்கன்னு குறிச்சு வைங்க. அதுதான் உங்களுக்கு மிச்சம் இருக்கிற நேரம்.

ஸ்டேட்மென்ட்ல பீனல் சார்ஜ் பத்தியை மட்டும் பென்சில் வச்சுப் பாருங்க. 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி அபராதத்தை வட்டியா வாங்கக் கூடாது, அசலோட சேர்த்து அதுக்கு மேல வட்டியும் போடக் கூடாது. உங்க லோன் 2024 ஜூன், அதனால ஆரம்பத்துல இருந்தே இது பொருந்தும். சீசிங் சார்ஜுக்கு பில் கேளுங்க. உருண்டையா ஒரு நம்பர் மட்டும் போட்டிருந்தா எதுக்குன்னு பிரிச்சுக் கேளுங்க.

சொந்தப் பார்ட்டியைக் கொண்டு வர்ற வழி: கம்பெனியோட பிராஞ்சுல எழுத்து மூலமா சம்மதம் வாங்கிக்கணும். ஹெச்.பி. இருக்கிற வண்டியை அவங்க சம்மதம் இல்லாம ஆர்டிஓவுல பேர் மாத்த மாட்டாங்க. பார்ட்டி பணத்தை உங்க கையில கொடுக்காம நேரா லோன் அக்கவுண்டுக்கே கட்டச் சொல்லுங்க. அவருக்கும் பயம் இல்லை, உங்களுக்கும் கணக்கு சுத்தம். கட்டின பிறகு யார்டுக்கு ரிலீஸ் ஆர்டர், அப்புறம் கடன் தீர்ந்துச்சுன்னு கம்பெனி தர்ற என்.ஓ.சி., ஹெச்.பி. கேன்சலுக்கான படிவம் 35 ரெண்டு காப்பி. அதோட பேர் மாத்தறதுக்கான படிவம் 29 ரெண்டு காப்பி, படிவம் 30, ஓடற இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட். ஹெச்.பி. கேன்சலும் பேர் மாத்தறதும் ஒரே நேரத்துல போட்டுடலாம். இந்த இடத்துல ஆர்சி ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கிறதுதான் நல்லது.

படிவம் 35-ல சீலும் கையெழுத்தும் இருக்கான்னு பாருங்க, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் ஆர்சியோட ஒத்துப் பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவாங்க. அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

ஏலத்துலதான் போச்சுன்னாலும் விட்டுடாதீங்க. எத்தனை பேர் பிட் கேட்டாங்க, என்ன விலைக்குப் போச்சு, கடன் போக மிச்சமா பாக்கியான்னு எழுத்துல கேளுங்க. மிச்சம் வந்தா அது உங்க பணம்.

---

மேம்பாலம்:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ஒரு விஷயம் விட்டுட்டேன். லோன் போடும்போதே படிவம் 29, 30-ல பூர்த்தி பண்ணாமலே கையெழுத்து வாங்கி வச்சிருக்காங்க. இன்னிக்கு ஒரு ஆள் போன் பண்ணி, உங்க மொபைலுக்கு ஓடிபி வரும் சொல்லுங்கன்னார். சொல்லலை. அப்புறம், வண்டிதான் போச்சே, இன்சூரன்ஸை உடனே கேன்சல் பண்ணி மிச்சப் பிரீமியத்தை வாங்கிடலாமா?

---

பாலிசி பேப்பர் பதில்:

இன்சூரன்ஸை இப்போது தொடாதீர்கள். ரீஃபண்டுக்கு ஆசைப்பட்டுப் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

வண்டி யார்டில் இருந்தாலும் ஆர்சி உங்கள் பேரில். ஏலத்துக்காகவோ வேறு யார்டுக்கோ யாராவது ஓட்டிப் போகும்போது விபத்து நடந்தால் டிரிப்யூனல் (விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்) நோட்டீஸ் முதலில் வருவது பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. விற்றாலும் பெயர் மாறாதவரை பதிவு உரிமையாளர்தான் பொறுப்பு என்று 2018-இல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒப்பந்தப்படி வண்டி பைனான்ஸ் கம்பெனி கையில் இருந்தால் அந்தக் கம்பெனியே உரிமையாளர் என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(30)-ஐ வைத்து வாதாடலாம். ஆனால் அதற்கு வக்கீல் வைக்க வேண்டும், கைப்பற்றிய தேதிக்கு ஆதாரம் காட்ட வேண்டும். பாலிசி உயிரோடு இருந்தால் இழப்பீட்டுப் பொறுப்பை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கும். கேன்சல் செய்திருந்தால் உங்கள் தலையில்.

பெயர் மாறிய பிறகு கிடைப்பது என்ன என்று பார்ப்போம். பாலிசியில் இரண்டு பகுதி. 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு புதுக் காருக்கு மூன்று வருஷ தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு) கட்டாயம், எனவே உங்களுடையது 2027 ஜூன் வரை ஓடும். அது வண்டியோடு புது உரிமையாளருக்குப் போய்விடும். அதில் ரீஃபண்ட் எதிர்பார்க்க வேண்டாம். ஓன் டேமேஜ் பகுதி, அதாவது உங்கள் வண்டியின் சேதத்துக்கானது, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிப்பது. அந்த வருஷத்தில் கிளெயிம் எதுவும் எடுக்காமல் இருந்தால் மிச்ச நாளுக்கான பிரீமியம் விகிதப்படி திரும்பும். பெயர் மாறியதற்கான ஆதாரம் வைத்து எழுதிக் கேளுங்கள்.

அதைவிடப் பெரியது நோ கிளெயிம் போனஸ் (என்.சி.பி.), கிளெயிம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி. அது வண்டிக்குச் சொந்தம் இல்லை, உங்களுக்குச் சொந்தம். ஒரு வருஷம் கிளெயிம் இல்லையென்றால் 20 சதவீதம், இரண்டு என்றால் 25, பிறகு 35, 45, 50. பெயர் மாற்றிய நகலைக் கொடுத்து என்.சி.பி. ரிசர்விங் லெட்டர் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் எடுக்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும் கழியும்.

ஃபாஸ்டேக்கை மட்டும் இன்றைக்கே மூடுங்கள். இதற்குப் பெயர் மாற்றம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. டேக் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கும். யார்டு டிரைவர் டோலைத் தாண்டினால் உங்கள் பணம் போகும். ஆட்டோ ரீசார்ஜ் போட்டிருந்தால் போய்க்கொண்டே இருக்கும். டேக் கொடுத்த வங்கியின் ஆப்பிலோ கஸ்டமர் கேரிலோ குளோஷர் கேளுங்கள். எந்த வங்கி என்று மறந்துவிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குக் கூப்பிடுங்கள். மிச்சமும் செக்யூரிட்டி டெபாசிட்டும் கணக்குக்கு வந்துவிடும். ஒரு வண்டி நம்பருக்கு ஒரு டேக்தான் என்பதால், நீங்கள் மூடாமல் விட்டால் வாங்குகிறவருக்கும் புது டேக் சிக்கலாகும்; பிறகு அவர் உங்களைத் தேடுவார்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ் முன்பணமாகக் கட்டியிருந்தால் டீலரிடம் விதிமுறையைக் கேளுங்கள். இன்னும் தொடங்காத எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் திரும்ப வாய்ப்பு அதிகம். தொடங்கியிருந்தால் வண்டியோடு போவதுதான் வழக்கம்.

---

கோப்பு எண் பதில்:

ஓடிபி பற்றி. வாகன் என்ற அரசு வண்டிப் பதிவுப் போர்ட்டலில் பெயர் மாற்றம் போடும்போது விற்பவர் மொபைலுக்கு ஓடிபி போகும். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் அவர்களிடம் இருந்தும் உங்களைக் கூப்பிடுவது அதனால்தான். போனில் வரும் எவருக்கும் சொல்லாதீர்கள். அதே சமயம், சொல்லவே மாட்டேன் என்றும் நிற்காதீர்கள். பெயர் மாறுவது உங்களுக்கும் வேண்டியதுதான். விற்பனை முடிந்ததும், கம்பெனி லெட்டர்ஹெட்டில் வாங்கியவர் யார், என்ன விலை, எந்தத் தேதியில் டெலிவரி, உங்கள் லோன் கணக்கில் எவ்வளவு வரவு என்று எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு ஓடிபி. இந்தக் காகிதத்தைக் கேட்க உங்களுக்கு இருக்கிற பிடி அது ஒன்றுதான். ஆர்சி ஒரிஜினலையும் அப்போதே ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம்.

வண்டி எடுத்த அன்று கொடுத்த கைப்பற்றல் ரசீது இருக்கிறதா? தேதி, நேரம், கிலோமீட்டர், வண்டிக்குள் இருந்த பொருள், எடுத்தவர் பெயர் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே மெயிலில் கேளுங்கள். கம்பெனி போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த தகவல் கடிதத்தின் நகலையும் கேளுங்கள். இந்த இரண்டையும் இணைத்து உங்கள் ஆர்டிஓவுக்கு ஒரு பக்கக் கடிதம்: இந்த நம்பர் வண்டி இந்தத் தேதியில் பைனான்ஸ் கம்பெனி வசம் போனது, படிவம் 36 வந்தால் என் தரப்பைக் கேட்டு முடிவு செய்யவும், தபால் முகவரி இது. டெலிவரிச் சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பணம் திரும்பக் கேட்டு மனு எழுதுகிற நேரத்தில் இதை எழுதுங்கள்; பலன் இதில்தான்.

---

மஞ்ச போர்டு கேட்டது:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். டூரிஸ்ட் கார்னா எப்படி? காலாண்டு வரி கட்டற வண்டி, சீஸ் ஆகி யார்டுல நிக்குது. நின்ன மாசத்துக்கும் வரி பாக்கின்னு நோட்டீஸ் என் பேருக்கே வருது.

---

கோப்பு எண் பதில்:

உங்கள் நிலைமை வேறு. இங்கே திரும்ப வாங்குவதைவிட மேலே ஏறாமல் தடுப்பதுதான் முக்கியம். 2022 பிப்ரவரியில் மஹிந்திரா பைனான்ஸ் எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கில், வண்டியைக் கைப்பற்றிய தேதியிலிருந்து வரிப் பொறுப்பு பைனான்ஸ் கம்பெனிக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அந்த மாநில வரிச் சட்டத்தை வைத்துச் சொன்னது. தமிழ்நாட்டில் வண்டி வரிக்கு 1974-ஆம் வருஷத் தனிச் சட்டம். அதனால் தீர்ப்பை மட்டும் நீட்டினால் ஆபீஸில் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். நோட்டீஸுக்குப் பதிலில் கைப்பற்றிய தேதி, ரசீது நகல், தீர்ப்பு விவரம் மூன்றும் இருக்கட்டும். நகலைக் கம்பெனிக்கும் அனுப்புங்கள். கைப்பற்றியதற்கு முந்தைய பாக்கி உங்களுடையது, அதில் வாதமே இல்லை.

பர்மிட்டை மறக்காதீர்கள். பர்மிட் உங்கள் பேரில்; போக்குவரத்து அதிகாரியின் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்கு மாறாது, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 82. வண்டி திரும்பாது என்று ஆகிவிட்டால் பர்மிட்டை என்ன செய்வதென்று ஆர்டிஓவில் எழுதிக் கேட்டு முடித்துவிடுங்கள். வண்டி இல்லாத பர்மிட்டை வைத்துக்கொண்டிருந்தால் அடுத்த வண்டி போடும்போது அந்தப் பழைய கணக்கு முன்னால் வந்து நிற்கும்.

---

மேம்பாலம்:

ஃபாஸ்டேக் குளோஷர் போட்டாச்சு. ஸ்டேட்மென்ட், வேல்யூவேஷன் கேட்டு மெயிலும் அனுப்பிட்டேன். பதில் போடலைன்னா எங்க போகணும்? இன்னொண்ணு, இ-சலான்ல புதுசா ஒரு சிக்னல் ஃபைன் காட்டுது. தேதி, சீஸ் ஆனதுக்கு அப்புறம்.

---

மூணாவது கியர் பதில்:

மெயில் அனுப்பின தேதியைக் குறிச்சு வைங்க. கம்பெனியோட குறைதீர் அதிகாரி பேர், மெயில் அவங்க வெப்சைட்லயே இருக்கும், அவருக்கும் ஒரு காப்பி. 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகலாம், செலவில்லை. அவங்க சிஎம்எஸ்ங்கற புகார் போர்ட்டல்ல போடலாம், விவரம் கேக்க 14448. ஆனா 30 நாள் ஆகறதுக்குள்ள வண்டியை வித்துட வாய்ப்பு இருக்கு. அதனால புகாரை ஒரு பக்கம் வச்சுட்டு, பார்ட்டி தேடற வேலையை இன்னிக்கே ஆரம்பிங்க. யார்டுல வண்டியைக் காட்ட அனுமதிக் கடிதம் பிராஞ்சுல கொடுப்பாங்க, பார்ட்டியோட ஐடி கேப்பாங்க. போகும்போது பேட்டரி, ஸ்டெப்னி, மியூசிக் சிஸ்டம் இருக்கான்னு ரசீதுல உள்ள பட்டியலை வச்சுப் பாருங்க. இல்லைன்னா அங்கேயே போட்டோ எடுத்து மெயில் போடுங்க. விலையைக் குறைக்க அதுதான் முதல் சாக்கு.

---

பாலிசி பேப்பர் பதில்:

அந்த சலானைக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் அன்றைக்கு வண்டி உங்களிடம்தான் இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. இ-சலான் போர்ட்டலில் குறை பதிவு செய்யும் இடத்தில் சலான் நம்பர் போட்டு, கைப்பற்றல் ரசீதைச் சேருங்கள். சலான் படத்தைத் திறந்து இடத்தையும் நேரத்தையும் பாருங்கள்: யார்டில் நிற்பதாகச் சொன்ன வண்டி அன்றைக்கு ரோட்டில் ஓடியிருக்கிறது. அந்தப் படத்தை அப்படியே கம்பெனிக்கு அனுப்பி, யார் ஓட்டினார், யார்டு வாடகை எந்தெந்த நாளுக்குப் போட்டிருக்கிறீர்கள், எடுத்த அன்று கிலோமீட்டர் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கேளுங்கள். ஃபோர்க்ளோஷர் ஸ்டேட்மென்ட் வரும்போது அந்தக் கணக்கைக் குறைக்கச் சொல்ல இது போதும்.

பாக்கி சலான் இருந்தால் பெயர் மாற்ற விண்ணப்பம் நகராது. அதனால் இதைத் தீர்க்கிற அவசரம் இப்போது கம்பெனிக்கும்தான்.